பிணவறையில் கடைசிக் குளியலுக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களில் சாவு பெரும்பாலும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அங்கிருந்து உடல் குடியிருப்புக்குப் போனால் வாசலில் வைக்க இடமில்லை. லிஃப்டில் ஸ்டிரெச்சர் நுழைவதில்லை. குளிப்பாட்ட முற்றம் கிடையாது. அதனால் பல குடும்பங்கள் பிணவறையிலிருந்தே நேராக மயானத்துக்குப் போய்விடுகின்றன. இந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது குளிப்பாட்டுதல். இந்துக்கள், முஸ்லிம்கள், யூதர்கள், சீக்கியர்கள், பார்சிகள் எல்லோருக்கும் உடலைக் கழுவித் தூய துணி உடுத்தி அனுப்புவதுதான் இறுதிச் சடங்கின் அடிப்படை. முறை வேறுபடும். தேவைப்படுவதோ எல்லோருக்கும் ஒன்றுதான்: சாய்வான ஒரு மேடை, குழாய், வடிகால், திரை, ஒரு மணி நேரம். புதிதாகக் கட்டப்படும் பிணவறைகளில்கூடக் குளிர்பதன அறைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்களே தவிர, இந்த ஒரு மேடைக்கு இடம் விடுவதில்லை. மருத்துவமனை நிர்வாகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் குடியிருப்போர் சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம்.

முதலில், எந்த மதமானாலும் பொருந்தும் சில செய்திகள். உயிர் பிரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் பிறகு குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் கடினமாகிவிடும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்கும். பன்னிரண்டு மணி நேர அளவில் முழு உடலும் விறைத்துவிடும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம். அதற்குள் கண்ணிமைகளை மூடி, தாடையையும் தலையையும் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டி, கைகளையும் கால்களையும் நீட்டி, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பெரியவர்கள் வழக்கமாகச் செய்துவந்த இந்த வேலையை மருத்துவமனையில் யார் செய்வது என்பது தெளிவாக இல்லை. செவிலியர், குடும்பத்தார் செய்வார்கள் என்று விட்டுவிடுகிறார். குடும்பத்தார், மருத்துவமனை செய்யும் என்று காத்திருக்கிறார்கள். முழங்கை மடங்கியபடியே குளிர்பதனப் பெட்டிக்குள் போன உடலுக்குப் பிறகு சட்டையும் மாட்ட முடியாது, கஃபன் என்னும் சவத்துணியும் சுற்ற முடியாது. கையை வலிந்து நீட்டுகிறபோது உறவினர் படும் துயரம் பெரிது.

அதே நேரத்தில் ஊசி, சிறுநீர்க் குழாய், மூச்சுக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் (சட்டப்படி பிரேதப் பரிசோதனைக்குப் போகும் உடல் என்றால் எடுக்கக் கூடாது). எடுத்த இடங்களில் பஞ்சு வைத்து இறுக்கமாகப் பிளாஸ்திரி ஒட்டாவிட்டால், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து வாங்கியவர்களுக்குக் கசிவு மணிக்கணக்கில் நிற்காது. வெள்ளைத் துணியில் அந்தக் கறை தெரிகிறபோது குளிப்பாட்டியவர்கள் மறுபடி தொடக்கத்துக்கே போக வேண்டியிருக்கும். கண்தானம் செய்வதாக இருந்தால், மூடிய இமைகள் மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முகம் மாறுவதில்லை. குளிப்பாட்டுவதற்கு முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது.

இஸ்லாமிய முறைக் குளியலில் ஒழுங்கு மிகத் துல்லியமானது. ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுவார்கள். மனைவி கணவரைக் குளிப்பாட்டலாம் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி என்னும் இரு மார்க்கச் சட்டப் பிரிவினரும் ஒன்று. கணவர் மனைவியைக் குளிப்பாட்டுவதை ஷாஃபிஈயினர் அனுமதிக்கிறார்கள், ஹனஃபியினர் அனுமதிப்பதில்லை. தமிழ்நாட்டில் இரு தரப்பினரும் உண்டு என்பதால் பிணவறை ஊழியர் தாமாக முடிவெடுக்காமல் குடும்பத்தைக் கேட்டுக்கொள்வது முறை. தொப்புள் முதல் முழங்கால் வரை துணியால் மூடியபடியேதான் எல்லாம் நடக்கும். தோள்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வயிற்றை மெல்ல அழுத்தி, வெளியேறுவதைக் கையுறையோடு துணிக்கு அடியில் சுத்தம் செய்வார்கள். பிறகு உளு, அதாவது தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி, செய்விப்பார்கள். வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அதன்பின் தலை, அடுத்து வலப்பக்கம் தோளிலிருந்து பாதம் வரை, பிறகு இடப்பக்கம். மூன்று முறை, போதாவிட்டால் ஐந்து, ஏழு என ஒற்றைப்படையில் கூட்டுவார்கள். முதல் தண்ணீரில் இலந்தை இலை, கிடைக்காவிட்டால் சோப்பு. கடைசித் தண்ணீரில் சிறிது கற்பூரம். ஐந்தாறு வாளித் தண்ணீர் தாராளமாக வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. துணியை முன்கூட்டியே விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டி வைத்திருப்பார்கள்.

இதில் கெட்டுப்போவது எங்கே? மேடை சமதளமாக இருந்தால் தண்ணீர் முதுகுக்குக் கீழே தேங்கும். எத்தனை முறை ஊற்றினாலும் சுத்தமானதாக ஆகாது. கால்பக்கம் சிறிது சரிவும் அங்கே ஒரு வடிகாலும் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. பிரேதப் பரிசோதனை நடந்த உடலில் தையல் இடைவெளிவிட்டுப் போடப்பட்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிச் சிவந்து வெளிவரும். நெருக்கமாகத் தைத்து, மேலே நீர் புகாத ஒட்டுத்துணி ஒட்டித் தருவது மருத்துவமனைக்குக் கூடுதலாகப் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் கிடைக்காததால் மணிக்கணக்கில் தவித்த குடும்பங்கள் ஏராளம். தீயில் கருகிய உடல் போலத் தண்ணீர் பட்டால் சிதைந்துவிடும் நிலையில், குளியலுக்குப் பதிலாகத் தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும் போதும் என்பது மார்க்கச் சட்டத்திலேயே உள்ள வழி. ஊழியர்களுக்கு இது தெரிந்திருந்தால், ‘முடியாது’ என்று ஒரு சொல்லில் மறுத்துவிடுவதற்குப் பதிலாக இமாமைக் கேட்டு வரச் சொல்லலாம்.

இந்துக்களின் குளியலுக்கு இத்தகைய எழுதப்பட்ட ஒரே ஒழுங்கு கிடையாது. சாதிக்குச் சாதி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். தென்மாவட்டங்களில் மகன்களும் பேரன்களும் நீர்நிலைக்குப் போய், மேலே வேட்டி பிடித்த நிழலில் குடத்தில் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலை இன்றும் உண்டு. இப்போது பல இடங்களில் ஆற்றுக்குப் பதில் தெருக்குழாய். எண்ணெய் தொட்டு வைத்து, சீயக்காயோ அரப்போ தேய்த்து, உறவுகள் வரிசையாக நீர் ஊற்றுவார்கள். பிறகு பிறந்தவீட்டுக் கோடி, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி. தலை தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். ஈழத்துச் சைவர்கள் உரலில் சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். இது இலண்டனிலும் டொராண்டோவிலும்கூட நடக்கிறது. இவற்றில் நெருப்பு உள்ளதை மருத்துவமனைக்குள் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆக்சிஜன் குழாய்கள் ஓடும் கட்டடம் அது. குளியலையும் கோடியையும் அங்கே முடித்துக்கொண்டு பந்தத்தை மயானத்தில் பிடிக்கலாம். ஒரு பகுதியை இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் குடும்பங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன. முழுவதையும் மறுத்தால்தான் வாக்குவாதம் எழுகிறது.

யூதர்களிடம் உடலைக் கழுவுவதற்கென்றே ‘கெவ்ரா கதீஷா’ என்னும் தன்னார்வக் குழு அவர்கள் வாழும் பல ஊர்களில் உண்டு. கழுவி முடித்தபின் ஏறக்குறைய 23 லிட்டர் தண்ணீரைத் தாரை அறாமல் ஊற்ற வேண்டும்; அதற்காக ஒரு வாளி தீரும் முன்பே அடுத்த வாளியைச் சாய்ப்பார்கள். பைகள் இல்லாத வெள்ளை நூலாடை உடுத்துவார்கள். அடக்கம் வரை உடலைத் தனியே விடுவதில்லை, ஒருவர் அருகில் இருந்து சங்கீதங்களை ஓதுவார். சீக்கியர்களுக்குக் கேசமும், கடா என்னும் கங்கணமும், கிர்பான் என்னும் குறுவாளும் உடலோடே போக வேண்டும். பிணவறையில் மழிப்பதும், நகை என்று நினைத்துக் கடாவைக் கழற்றிக் கவரில் போட்டுக் கொடுப்பதும் அவர்களைப் புண்படுத்தும்.

கத்தோலிக்கர்களுக்கு முக்கியமானது இறப்புக்கு முன் வருகிறது. நோயில்பூசுதல் என்னும் அருளடையாளம் உயிரோடு இருப்பவருக்கே தரப்படுவது. குருவானவர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாடுவதற்குப் பத்து நிமிடம் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ‘பார்வையாளர் நேரம் மாலை ஐந்து மணி’ என்று அவரை வாசலில் நிறுத்தினால் அந்தப் பத்து நிமிடம் பிறகு கிடைக்காது. முகக்கவசமும் கையுறையும் கொடுத்து உள்ளே விடுவதில் மருத்துவச் சிக்கல் எதுவும் இல்லை.

அடுத்து, படிவங்கள். ‘மதம்: இந்து’ என்று எழுதியதும் ‘எரிப்பு’ என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. தமிழ்நாட்டில் புதைக்கும் வழக்கமுள்ள இந்துச் சமூகங்கள் பல. சிறு குழந்தைகளையும் துறவிகளையும் எரிப்பதில்லை. வீரசைவர்கள் உடலை உட்கார்ந்த நிலையில், கையில் இலிங்கத்தோடு அடக்கம் செய்பவர்கள். அவர்களுக்கு விறைக்கும் முன்பே கால்களை மடக்கி அமர்த்தியாக வேண்டும் என்பதால், மேலே சொன்ன ‘கால்களை நீட்டுவது’ அவர்களுக்குப் பொருந்தாது. கிறிஸ்தவர் என்றால் அடக்கம்தான் என்பதும் இப்போது உறுதியில்லை. 1963 முதல் கத்தோலிக்கத் திருச்சபை எரிப்பதைத் தடுப்பதில்லை. சாம்பலைத் தூவவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. ஆகவே மதத்தைக் கேட்பதோடு நிற்காமல், ‘அடக்கமா, எரிப்பா? எப்போது? யார் குளிப்பாட்டுவார்கள்?’ என்ற மூன்று கேள்விகள் படிவத்தில் இருக்க வேண்டும்.

எரிவாயு மயானங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பிக் களிமண் பூசி மூட்டம் போட்ட காலத்தில், உடல் இரவு முழுக்க மெல்ல வெந்து காலையில்தான் ஆறும். மறுநாள் பால் தெளிப்பும் காடாற்றும் அதை ஒட்டி வந்தவை. எரிவாயுத் தகனத்தில் ஓரிரு மணி நேரத்தில் சாம்பல் கையில் வந்துவிடுகிறது. பால் தெளிப்பும் அன்றே முடிகிறது. குடும்பங்கள் இதற்குப் பழகிவிட்டன. பழக முடியாதது வேறு.

கொள்ளிக்குடம் உடைப்பதை எடுத்துக்கொள்வோம். தோளில் நீர்க்குடத்தோடு மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை. தண்ணீர் பீறிட்டு வழிய வழியச் சுற்றி, கடைசியில் திரும்பிப் பாராமல் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். பெரும்பாலான எரிவாயு மயானங்களில் இது வழுவழுப்பான டைல்ஸ் தரையில் நடக்கிறது. உண்ணாமல், உறங்காமல், வெறுங்காலோடு வரும் மகன் அந்த ஈரத்தில் சறுக்கி விழுவது அரிதில்லை. ஓட்டுச் சில்லுகளை அடுத்த குடும்பம் மிதிக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி மண் தரையோ சொரசொரப்பான கருங்கல் தரையோ விட்டால் போதும்.

கொள்ளி வைப்பதும் அப்படித்தான். உலைக்குள் கையால் நெருப்பு வைக்க வழியில்லை என்பதால் நெஞ்சின்மேல் கற்பூரம் கொளுத்தி உள்ளே தள்ளுகிறார்கள். பாலியெஸ்டர் புடவை, நுரை மெத்தை, பிளாஸ்டிக் சரிகை மாலை இருந்தால் அந்தக் கற்பூரம் உலைக்கு வெளியிலேயே தீயைப் பரப்பும். உள்ளே போனபின் கரும்புகையாகும். பருத்தித் துணியும் பூமாலையும் மட்டும் விடுவது எல்லோருக்கும் நல்லது. உடைக்காத தேங்காய், மூடிய கண்ணாடிப் புட்டி இரண்டும் உலைக்குள் வெடிக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது இதயத்தில் பொருத்திய பேஸ்மேக்கர். அதன் லித்தியம் மின்கலம் வெடித்து உலையின் செங்கல்லைப் பெயர்க்கும், அருகில் நிற்பவரைக் காயப்படுத்தும். மருத்துவமனையிலேயே சிறு கீறலில் எடுத்துவிடலாம். ஆனால் இறப்புச் சான்றில் அதற்கென்று ஓர் இடம் இல்லாததால் சொல்ல மறந்துபோகிறது.

சாம்பல் மாறிப்போகுமோ என்ற அச்சம் பல குடும்பங்களுக்கு உண்டு; அது நியாயமான அச்சம். வெளிநாட்டு மயானங்கள் பலவற்றில் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று உடலோடே உள்ளே போய்ச் சாம்பலோடு வெளியே வருகிறது. செலவு அற்பம். இங்கும் செய்யலாம். அதோடு, எலும்பு பொறுக்கும் குடும்பத்துக்குத் தட்டை ஆறவைத்து ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். கால் எலும்பில் தொடங்கித் தலையில் முடிப்பது நம் வழக்கம். ஜப்பானியர்களும் தகனத்துக்குப் பிறகு குச்சிகளால் எலும்புகளைக் காலிலிருந்தே எடுக்கத் தொடங்கி, கலத்துக்குள் தலை மேலே வரும்படி அடுக்குகிறார்கள். ஏறக்குறைய எல்லா உடல்களும் இயந்திரத் தகனத்துக்கே போகும் அந்த நாட்டில், எலும்பு எடுப்பதற்கென்றே தனி அறை கட்டியிருக்கிறார்கள். இயந்திரம் வந்தால் சடங்கு போய்விட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

நேரம் பற்றி ஒரு செய்தி பலருக்கும் தெரியாது. சூரியன் மறைந்தபின் பிரேதப் பரிசோதனை கூடாது என்ற பழைய நடைமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் தளர்த்தியது. போதிய வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம். கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. சாலை விபத்தில் மாலை ஆறு மணிக்கு இறந்தவரைக் காலை பத்து மணி வரை வைத்திருப்பது, விரைந்து அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம், யூதக் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வேதனைதான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளாவது இந்த அனுமதியை நடைமுறையில் பயன்படுத்த வேண்டும்.

சுகாதாரம் கருதிச் சடங்கைக் கட்டுப்படுத்த வேண்டிய காலமும் வரும். அப்போது எந்த அளவு என்பதில்தான் நிர்வாகத்தின் பொறுப்பு தெரிகிறது. 2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட கொரோனா வழிகாட்டுதல், குளிப்பாட்டுவதையும் முத்தமிடுவதையும் தழுவுவதையும் தடுத்தது. பையைத் திறந்து முகம் காட்டுவதையும், தொடாமல் வேதம் ஓதுவதையும், புனித நீர் தெளிப்பதையும் அனுமதித்தது. சாம்பலால் ஆபத்தில்லை என்றும் சொன்னது. தேவையான அளவுக்குத் தடை, மற்றதற்கு இடம். இலங்கையிலோ, அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையும் தப்பவில்லை. 2021 பிப்ரவரியில்தான் அந்த விதி நீங்கி, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. எரிக்கப்பட்ட உடல்களுக்கு அதனால் ஆகப்போவது எதுவும் இல்லை.

சடங்கு உடையவர்கள் பிடிவாதக்காரர்கள் என்ற எண்ணம் அதிகாரிகள் சிலரிடம் உண்டு. நடந்தவை வேறு. மும்பையில் டூங்கர்வாடி என்னும் இறுதிச் சடங்கு வளாகத்தில், பார்சிகள் தக்மா என்னும் திறந்த கோபுரத்தில் உடலைக் கழுகுகளுக்கு விடும் முறை, மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் கழுகுகள் அழிந்ததும் தடுமாறியது. அவர்கள் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். கொரோனாவின்போது தக்மாவின் மேல் பறவை வலை கட்டுவது என்ற ஏற்பாட்டுக்கு அரசும் அவர்களும் உடன்பட, 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சிங்கப்பூரில் 1998 முதல் கல்லறைக்குப் பதினைந்து ஆண்டுதான் காலம். அதன்பின் தோண்டி எடுத்து, முஸ்லிம்களின் எச்சங்களைக் கூட்டாக மறு அடக்கம் செய்கிறார்கள். காரணத்தைச் சொல்லி, முன்கூட்டியே பேசி, மாற்று வழியையும் வைத்தால் மக்கள் வளைந்து கொடுக்கிறார்கள்.

கேட்பது இவ்வளவுதான். மாவட்ட மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் பிணவறையை ஒட்டி, தனி வாசல் உள்ள ஒரு குளிப்பாட்டும் அறை: ஏழடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் இடுப்புயர மேடை, கால்பக்கம் சரிவு, கைக்குழாய், வெந்நீர், கழிவுநீர் மருத்துவமனையின் சுத்திகரிப்பு அமைப்புக்குள் போகும் வடிகால், நான்கு பேர் சுற்றி நிற்க இடம், கையுறைப் பெட்டி. சுவரில் திசைக் குறி ஒன்று. தெற்கு எது என்று இந்துக்களும், மேற்கிலிருந்து சற்று வடக்கே விலகிய கிப்லா (தொழும் திசை) எது என்று முஸ்லிம்களும் அலைபேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். குடியிருப்புகள் கட்டும்போது ஸ்டிரெச்சர் படுத்தபடி நுழையும் ஆழமுள்ள லிஃப்ட் ஒன்றாவது வேண்டும். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி இறக்கும் அவலம் இன்றும் நடக்கிறது. தரைத்தளத்தில் குழாயோடு ஒரு மூலையைச் சங்கங்கள் ஒதுக்கலாம். ‘சமூகக் கூடத்தில் சாவு கூடாது’ என்ற துணைவிதியை எடுத்துவிடலாம்.

வீட்டில் இறந்தவர்களுக்கு இன்னொன்று. இறப்புக் காரணச் சான்று, மருத்துவமனையில் என்றால் படிவம் 4, வீட்டில் என்றால் படிவம் 4ஏ. வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவர் அதைத் தராவிட்டால் மயானத்தில் உடலை ஏற்கத் தயங்குவார்கள். அதற்குள் உறவினர்கள் குளிப்பாட்டி, கோடி போட்டு, வாசலில் ஊர்தியும் வந்து நிற்கும். முதியவர் படுக்கையாகிவிட்ட வீடுகளில், எந்த மருத்துவர் நள்ளிரவில் வந்து கையெழுத்திடுவார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ய 21 நாள் உண்டு. அந்தத் தாளோ அன்றைக்கே வேண்டும்.

இப்படிக்கு,
இறுதிச் சடங்குகளுக்கு உதவும் வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி.